வரவேற்பு மேசையில் இருக்கும் அந்த அட்டை: புதுச்சேரி விடுதி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய விடுதி உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

புதுச்சேரியில் பழைய வீடுகளை விலைக்கு வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ செப்பனிட்டு, தங்கும் விடுதிகளாகவும் ஹோம்ஸ்டேக்களாகவும் நடத்திவரும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன். நான், கிழக்கே பிரெஞ்சுப் பகுதியையும் மேற்கே தமிழ்ப் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, வைசியாள் வீதிக்கு அருகில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, இன்றும் அங்கேயே வாழ்பவன். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், ஊர் பார்க்க வருபவர்களில் விரும்பிக் கேட்பவர்களை வெயில் ஏறுமுன் அழைத்துக்கொண்டு வீதி வீதியாக நடப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. இதற்கு நான் கட்டணம் வாங்குவதில்லை. ஆகவே என்னைத் தொழில் போட்டியாளன் என்று நீங்கள் நினைக்க வேண்டியதில்லை.

சென்ற தை மாதம் ஒரு விடியற்காலையில், பெங்களூரிலிருந்து வந்திருந்த இளம் தம்பதியர் இருவருடன் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு அருகே நின்றுகொண்டிருந்தேன். அலை தாழ்ந்த நேரம். கடலுக்குள் வரிசையாகத் தலைகாட்டிய தூண்களின் மிச்சத்தைச் சுட்டிக்காட்டி, "அது ஏதாவது சினிமா செட் போட்டுக் கழற்றாமல் விட்டதா?" என்று அந்தப் பெண் கேட்டார். இது துறைமுகப் பட்டினம், 1866இல் கட்டிய கப்பல் பாலத்தின் எச்சம் அது, 1952ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்தது என்று சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "துறைமுகமா? பிரெஞ்சுக்காரர்கள் ஓய்வெடுக்கக் கட்டிய ஊர் என்றுதானே விடுதியில் சொன்னார்கள்" என்றார் கணவர். அவர் கையில், தங்கிய இடத்தில் கொடுத்த வழுவழுப்பான அட்டை ஒன்று இருந்தது. பார்க்க வேண்டிய இடங்கள் என்று பத்து இடங்களை அதில் அச்சிட்டிருந்தார்கள். அவற்றில் ஆரோவில் ஒன்று. மற்ற ஒன்பதில் எட்டு, வாய்க்காலுக்குக் கிழக்கே கால் மணி நேரத்தில் நடந்து முடித்துவிடக்கூடிய பரப்புக்குள் அடங்கியவை. ஒன்பதாவது ஒரு மஞ்சள் சுவர். அதன் முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம் என்று குறிப்பு வேறு.

அந்த அட்டையைப் பற்றித்தான் இம்மடல்.

அரசு வைக்கும் பலகைகளையும் சுற்றுலாக் கையேடுகளையும் பயணிகள் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. பையைக் கீழே வைத்ததும் வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் "இங்கே எங்கே போகலாம்?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலே அவர்களுக்குப் புதுச்சேரி ஆகிவிடுகிறது. அந்தப் பதில் உங்கள் கையில் இருக்கிறது. அதில் கப்பல் இல்லை, சரக்கு இல்லை, நெசவு இல்லை, இந்த ஊரை ஊராக்கிய மனிதர்களில் பெரும்பாலோர் இல்லை.

இவ்வூருக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது என்பது உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். கப்பல்கள் கரையை நெருங்க இயலாமல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துச் செய்த சலங்குகள்தாம் அலையைக் கடந்துபோய் ஆட்களையும் சரக்கையும் இறக்கிவந்தன. ஆணி அடித்த படகு இந்தக் கரையின் அலையில் மோதி உடைந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். அதைச் செலுத்தியவர்கள் இக்கரையின் படகோட்டிகள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தம் இறுதி நாட்கள் வரை எழுதிவந்த நாட்குறிப்பில், கப்பல் வந்ததும், பீரங்கி முழங்கியதும், என்ன சரக்கு இறங்கியதும் மீண்டும் மீண்டும் வருகின்றன. கால் நூற்றாண்டு ஒரு துறைமுகத்தின் மூச்சை நாள்தோறும் கேட்டுத் தமிழில் எழுதிவைத்த ஒருவரின் வீடு, பெரிய மார்க்கெட்டை ஒட்டி ரங்கப்பிள்ளை வீதியில் இன்றும் நிற்கிறது. கீழ்த்தளம் மரத்தூண்களுடன் தமிழ் முறையில், மேல்தளம் காரைத் தூண்களுடன் பிரெஞ்சு முறையில். இரண்டு பண்பாடும் கலந்த ஊர் என்று உங்கள் விளம்பரங்கள் எல்லாம் சொல்கின்றனவே, அந்தக் கலப்பைக் கண்ணால் காட்டும் வீடு இதைவிட வேறொன்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்த அட்டையில் அது இல்லை.

சரக்கு என்ன என்று கேட்டால், முதன்மையாகத் துணி. சுற்றுவட்டத்தில் நெய்து அவுரி நீலம் தோய்த்த துணி, இங்கிருந்து கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. செனகல் ஆற்றங்கரையில் கருவேலங்கோந்து வாங்குவதற்கு அந்த நீலத் துணியே காசு போலப் புழங்கியது. பின்னர் அதே துணிக்காக இங்கே ஆலைகள் எழுந்தன. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். எட்டு மணி நேர வேலை அடுத்த ஆண்டே இங்கே சட்டமானது. உங்கள் விடுதிக் கடைகளில் நீலச் சாயத் துணிப் பைகளும் மேசை விரிப்புகளும் நல்ல விலைக்கு விற்கின்றன. விற்கட்டும். அந்த நீலம் எங்கே போனது, யார் தோய்த்தது என்று இரண்டு வரி ஒரு சீட்டில் அச்சிட்டு அதனுடன் கட்டித்தந்தால், வாங்குபவர் அதைத் தூக்கி எறியமாட்டார்.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். "முந்நூறு ஆண்டுப் பழைமை வாய்ந்த பிரெஞ்சு மாளிகை" என்று சில விடுதிகளின் வாசற்பலகை சொல்கிறது. 1761ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் இந்நகரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1765இல் திரும்ப வந்தே மீண்டும் கட்டத் தொடங்கினார்கள். ஆகவே நம் கிழக்குப் பகுதி வீடுகளின் உண்மையான வயது பலகையில் உள்ளதைவிடக் குறைவு. பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இடித்துத் தள்ளிய ஊர் அதே வீதிக் கோடுகளின் மேல் மறுபடி எழுந்தது என்பது முந்நூறு ஆண்டு என்ற வெறும் எண்ணைவிடச் சுவையான செய்தி. அந்தக் கோடுகளும் முழுக்கப் பிரெஞ்சுக்காரர் போட்டவை அல்ல. 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர் கையில் இருந்தது; நேர்நேரான வீதிகள் கொண்ட நகரத்துக்கான வரைபடம் அவர்கள் காலத்தில்தான் வரையப்பட்டது. பிரெஞ்சு நகரம் என்று பெயர் வாங்கிய ஊருக்கு டச்சுக்காரர் கட்டம் போட்டுக்கொடுத்த கதையை நான் சொல்லும்போதெல்லாம், கேட்பவர்கள் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்கிறார்கள்.

வாய்க்காலுக்கு மேற்கே வருகிறேன். இங்கேதான் என் மனக்குறை கூடுதல். வைசியாள் வீதியின் ஒரு பகுதியில் வரிசையாக உள்ள தமிழ் வீடுகளின் முகப்பை, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் 2000களின் தொடக்கத்தில் பழங்கட்டடங்களைப் பேணும் இன்டாக் அமைப்பு முன்னின்று சீராக்கியது. அப்பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. வீதியை நோக்கிச் சரிந்த ஓட்டுக் கூரை, அதைத் தாங்கும் மரத்தூண்கள், அதன் கீழ்த் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டித் திண்ணை, உள்ளே நடை, நடையைத் தாண்டி வானம் தெரியும் முற்றம். இப்படி அடுத்தடுத்து ஒரே அமைப்பில் வீடுகள் நிற்கும் வீதி நம் கண் முன்னே அரிதாகிக்கொண்டிருக்கிறது. இவற்றில் சிலவற்றை விடுதியாக்கியவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். அவர்களுக்கு நான் உண்மையிலேயே நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். என் சிறு வயதில் நான் விளையாடிய வீடுகளில் எத்தனையோ இன்று அடுக்குமாடிகளாகிவிட்டன; விடுதியானவை மட்டும் தூணோடும் முற்றத்தோடும் நிற்கின்றன.

ஆனால் திண்ணை? கதை சொல்லும் இடத்தில் கம்பி வேலி போட்டுவிடுகிறீர்கள். என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, விடுதியாக மாறிய ஒரு வீட்டின் திண்ணையை முழங்கால் உயரம் முதல் கூரை வரை இரும்புக் கம்பிகளால் அடைத்து, உள்ளே இரண்டு பித்தளை உருளிகளில் பூவிதழ் மிதக்கவிட்டிருக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்தத் திண்ணை வழிப்போக்கன் இரவில் தலைசாய்ப்பதற்காகக் கட்டியது. விடுதி என்ற தொழில் வருமுன்பே இந்த வீதியில் விருந்தினருக்கு இடம் இருந்தது. அந்த இடத்தின் பெயர் திண்ணை. தலைவைத்துப் படுக்க ஒரு முனையில் சற்றே உயர்ந்து சரிந்த மேடு சில திண்ணைகளில் இன்றும் இருக்கிறது. அதைத் தடவிப் பார்க்கச் சொன்னால் பிள்ளைகள் உடனே படுத்துப் பார்க்கிறார்கள். அறைக்கு நாளொன்றுக்குப் பல ஆயிரம் வாங்கும் நீங்கள், வாடகை வாங்காமல் உறங்க இடம் கொடுத்த அந்தக் கல்லை விருந்தினருக்கு அறிமுகப்படுத்தினால் குறைந்துவிடமாட்டீர்கள். பாதுகாப்புக்குக் கதவு வேண்டும் என்பது புரிகிறது. கதவு நடைக்கு இருக்கட்டும். திண்ணை தெருவுக்கே இருக்கட்டும்.

பாரதியார் 1908 முதல் 1918 வரை, பத்தாண்டுகள் இந்த ஊரில் இருந்தார். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் வாழ்ந்த வீடு நினைவிடமாக இருக்கிறது. பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. இரண்டுமே உங்கள் வாசலிலிருந்து நடக்கும் தொலைவு. அரவிந்தர் 1910இல் வந்ததும், வ.வே.சு. ஐயர் இங்கே தங்கியதும், ஆங்கில அரசின் கை எட்டாத பிரெஞ்சு எல்லை என்பதால்தான். இதைச் சொல்லாமல் "அமைதி தேடி வந்தார்கள்" என்று ஒரு விடுதியின் படிக்கட்டுச் சுவரில் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வந்தவர்கள் ஒற்றர்கள் பின்தொடரத் திரிந்தவர்கள்.

தென்மேற்கே முஸ்லிம் வீதிகளும், சம்பா கோயிலைச் சுற்றிய கிறித்தவ வீதிகளும் உண்டு. அவற்றையும் அட்டையில் சேருங்கள். நான் நீட்டி எழுதவில்லை. நேரில் வந்தால் காட்டுகிறேன்.

அரிக்கமேட்டை மட்டும் விட்டுவிட முடியாது. நகரிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே, காக்காயன்தோப்பில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆட்டோவில் அரை மணி ஆகாது. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு ஒன்று சொல்லும் 'பொதுகே' என்ற துறை இதுதான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் இங்கே அகழ்ந்தபோது கிடைத்த இத்தாலியப் பானையோடுகளும் மதுச்சாடித் துண்டுகளும் தென்னிந்திய அகழாய்வுக்கே காலக்கணக்கு வகுத்துக் கொடுத்தன. பின்னர் பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் தோண்டினார்கள். கண்ணாடி மணிகளையும் கல்மணிகளையும் செய்து கடல் கடந்து அனுப்பிய பட்டறை ஊர் அது. "அங்கே பார்க்க ஒன்றுமில்லை, ஒரு தோப்புதான் இருக்கிறது, விருந்தினர் திரும்பி வந்து எங்களைக் குறை சொல்வார்கள்" என்று உங்களில் ஒருவர் என்னிடம் நேரிலேயே சொன்னார். அவர் சொன்னதில் பாதி உண்மை. தயார்படுத்தாமல் அனுப்பினால், மரங்களுக்கிடையே நிற்கும் பதினெட்டாம் நூற்றாண்டுச் செங்கல் தூண்களை ரோமானியர் கட்டியவை என்று நினைத்துப் படமெடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அவை பிற்காலத்துக் கிறித்தவப் பாதிரிமார் கட்டிய வீட்டின் மிச்சம். ஆகையால் முதலில் பாரதி பூங்காவுக்கு அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள். அங்கே அரிக்கமேட்டு மணிகளையும் சாடித் துண்டுகளையும் பார்த்தபின் ஆற்றங்கரைக்குப் போனால், ஆறு திரும்பும் அந்த வளைவைப் பார்த்ததும் படகு ஏன் அங்கே ஒதுங்கியது என்பது எவருக்கும் சொல்லாமலே விளங்கிவிடும். நான் அழைத்துப்போன ஒரு சிறுமி அந்தக் கரையில் அரை மணி நேரம் குனிந்தபடி மணி தேடினாள். கிடைத்தாலும் எடுக்கக்கூடாது என்று சொல்லித்தான் தேடவிட்டேன். பாதுகாக்கப்பட்ட இடத்தில் எதையும் பொறுக்கக்கூடாது என்பதை உங்கள் அட்டையிலும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

"கடற்கரை விடுதி என்று சொன்னீர்கள், மணல் எங்கே?" என்று விருந்தினர் உங்களைக் கேட்பதும், நீங்கள் ஏதோ சொல்லி மழுப்புவதும் எனக்குத் தெரியும். மழுப்ப வேண்டாம். 1980களின் பிற்பகுதியில் ஆற்றுமுகத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்துவிட்டன. நகரக் கரையில் மணல் அரிக்கப்பட்டுப் பாறாங்கற்களைக் கொட்ட வேண்டியதாயிற்று. பின்னர் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவில் ஓர் எஃகுத் தடுப்பு அமிழ்த்தப்பட்டது. அதன்பின் காந்தி சிலைப் பக்கம் ஓரளவு மணல் திரும்பியது. இதையே நான் கரையில் நின்று சொன்னால், மணல் இல்லையே என்று சலித்தவர்கள் அடுத்த கேள்வி கேட்கிறார்கள்: அப்படியானால் வடக்கே உள்ள மீனவக் குப்பங்களின் கரை என்னவாயிற்று? நல்ல கேள்வி. பதிலைக் குப்பத்துக்காரர்களிடமே கேட்கலாம், மரியாதையுடன் போனால் சொல்வார்கள்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. காலைச் சிற்றுண்டியில் க்ருவாசானும் நீள ரொட்டியும் வைப்பதை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் பிடிக்கும். ஆனால் நம் வீடுகளில் வெங்காயமும் பூண்டும் சேர்த்து இடித்து வெயிலில் காயவைத்த தாளிப்பு வடகம், பிரெஞ்சுச் சமையலறைகளுக்குப் போய் 'வாதுவான்' என்ற பெயரில் உலகச் சந்தையில் விற்கிறது. அது பிறந்த ஊரில் தங்குபவருக்கு அதன் மணம் தெரியாமல் போவது எப்படி நியாயம்? ஒரு மீன் குழம்பு போதும்.

செலவு பற்றிய கணக்கையும் நீங்கள் போடுவீர்கள், போட வேண்டும். வெள்ளி இரவு வந்து ஞாயிறு மதியம் கிளம்பும் கூட்டத்தை நம்பியே உங்கள் தொழில் நடக்கிறது. ஏழெட்டு வீதிகளைப் பார்க்க ஒரு நாள் மிகுதி; மீதிப் பொழுது மதுக்கடையிலும் கஃபேயிலும் கழிகிறது. அரிக்கமேட்டுக்கு ஒரு காலை, மேற்கு வீதிகளுக்கு ஒரு காலை என்று வைத்துப் பாருங்கள். மூன்றாவது இரவுக்கு அறை தானாகக் கேட்கப்படும்.

கட்டடத்தைப் பற்றியும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரின் மேல் சிமெண்டு பூசாதீர்கள். உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் தங்கி, ஐப்பசி மழை கழிந்ததும் உப்புப் பூத்து, நீங்கள் ஆசையாக அடித்த மஞ்சள் வண்ணம் ஏடு ஏடாக உரியும். 2014 நவம்பர் மழையில் நம் பழைய மேரி கட்டடம், அதாவது நகராட்சிக் கட்டடம், எப்படிச் சரிந்து விழுந்தது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். அதே தோற்றத்தில் அதை மறுபடி எழுப்ப உலக வங்கி நிதி வந்தது. உங்கள் வீட்டுக்கோ என் வீட்டுக்கோ வராது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இவ்வூரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் மகன்கள் அந்த வேலைக்கு வருவார்களா என்பது, நீங்கள் எத்தனை பேர் அவர்களைக் கூப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இவ்வளவையும் ஓர் அட்டையில் அடைக்க முடியாது என்று நீங்கள் சொல்லலாம். அட்டையின் ஒரு பக்கம் உங்கள் பத்து இடங்கள் அப்படியே இருக்கட்டும், மஞ்சள் சுவர் உட்பட. மறுபக்கம் வெற்றாகத்தானே இருக்கிறது? அதில் வாய்க்காலுக்கு மேற்கேயும் ஆற்றுக்கு அப்பாலும் உள்ளவற்றுக்கு ஒரு வரைபடம் போடுங்கள். தமிழிலும் போடுங்கள், சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வருகிறவர்கள் உங்களுக்கு விருந்தினர் இல்லையா? விவரங்களை எழுதிக்கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்; சரிபார்க்க என்னைவிடத் தெரிந்தவர்கள் இந்த ஊரின் ஆய்வு நிறுவனங்களில் இருக்கிறார்கள்.

வரவேற்பு மேசையில் வேலை செய்யும் பிள்ளைகள் பலர் வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் பேருந்தில் வருபவர்கள். ஊரைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அட்டையில் உள்ளதை அவர்கள் ஒப்பிக்கிறார்கள், அவ்வளவுதான். வாரத்தில் ஒரு காலை, அறைகள் காலியாக இருக்கும் செவ்வாய் அல்லது புதன், இரண்டு மணி நேரம் அவர்களை விடுங்கள். காலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலைச் சுங்க அலுவலகத்தின் முன் நிற்கிறேன். சம்பளத்தில் அந்த இரண்டு மணி நேரத்தைப் பிடிக்காமல் அனுப்ப வேண்டும் என்பது ஒன்றே என் நிபந்தனை.

இங்ஙனம்,
வைசியாள் வீதிப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்
புதுச்சேரி